ஸ்டெல்த்: திருடனின் நடைக்குத் தமிழில் என்ன பெயர்?

"ஸ்டெல்த்ல போறேன் மாமா, சத்தம் போடாதீங்க."

சிங்கப்பூர் ஈசூனில் அக்கா வீடு. வெள்ளிக்கிழமை இரவு, மணி 11 தாண்டியிருந்தது. அக்கா மகன் கையில் கன்ட்ரோலருடன் தரையில் உட்கார்ந்து, புல்லுக்குள் குனிந்து போகும் ஒருவனை மெல்ல மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தான். நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். திரைக்குள் நிற்கும் காவல்காரனுக்கு என் முறுக்குச் சத்தம் கேட்காது என்று சொல்ல வாயெடுத்தவன், வேறொன்றைக் கேட்டேன்: "ஸ்டெல்த்துன்னா தமிழ்ல என்னடா?"

"மறைஞ்சு போறது" என்றான், திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

தவறில்லை. ஆனால் மொழிபெயர்த்துப் பிழைப்பவனுக்கு அது போதாது. மறைந்து போவது பேருந்துக்குக் காசு கொடுக்காதவனும் செய்கிற வேலை.

ஆங்கிலத்தில் ஸ்டெல்த், 'திருடு' என்று பொருள்படும் ஸ்டீல் என்ற வினைக்குப் பிறந்த பெயர்ச்சொல். ஹீல் என்பதிலிருந்து ஹெல்த், குரோ என்பதிலிருந்து குரோத் வந்ததைப்போல. இடைக்கால ஆங்கிலத்தில் அதற்குத் திருட்டு என்றே பொருள். நாளாக ஆகத் திருட்டுப்பொருள் சொல்லிலிருந்து நழுவிவிட்டது, திருடனின் நடை மட்டும் தங்கிவிட்டது. அரவமில்லாமல் வருவது, காரியம் முடிவது, வந்தது தெரியாமல் போவது.

20ஆம் நூற்றாண்டில் ராணுவம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் எஃப்-117 விமானம் 1981இல் முதன்முதலாகப் பறந்தது. அப்படி ஒன்று இருப்பதையே 1988இல்தான் வெளியே சொன்னார்கள். நம் கடற்படையின் ஃபார்மிடபிள் வகைக் கப்பல்கள் ஆறுக்கும் இதே அடைமொழி உண்டு. சாய்ந்த பக்கங்கள் ரேடார் அலையை வந்த வழியே திருப்பி அனுப்பாமல் வேறு பக்கம் சிதறடிக்கும். இங்கே நடையும் இல்லை, திருட்டும் இல்லை. எதிரியின் கருவிக்குத் தெரியாத உடல்வாகு, அவ்வளவுதான். 'ரேடாரில் சிக்காத விமானம்' என்று தமிழ்ச் செய்திகள் எழுதுவது சரியாகவே இருக்கிறது. ஒரே சொல்லில் வேண்டுமென்றால் புலப்படாமை.

விளையாட்டுக்கு வந்தால், சொல் தன் பூர்வீகத்துக்கே திரும்பியதுபோல் இருக்கிறது. இந்த வகையின் மிகப் பழைய விளையாட்டுகளில் ஒன்று 1979இல் ஜப்பானில் வந்த 'மன்பிகி ஷோனென்'. பெயரின் பொருள், கடையில் திருடும் சிறுவன். கடைக்காரர் பார்க்காத நேரத்தில் சாமானை எடுத்துக்கொண்டு நழுவ வேண்டும். 1987இல் ஹிதேயோ கோஜிமா 'மெட்டல் கியர்' செய்தபோது, எம்எஸ்எக்ஸ்2 கணினியால் நிறைய எதிரிகளையும் குண்டுகளையும் ஒரே நேரத்தில் திரையில் காட்ட முடியவில்லை. சண்டையை விட்டுவிட்டு ஒளிவதையே விளையாட்டாக்கினார். 1998இல் 'டென்சு', 'மெட்டல் கியர் சாலிட்', 'தீஃப்' மூன்றும் ஒரே ஆண்டில் வந்து இதைத் தனி வகையாக நிலைநிறுத்தின. மூன்றாவதின் பெயரே திருடன்.

அந்தத் 'தீஃப்' திரையின் அடியில் ஒரு மணிக்கல் இருக்கும். ஆட்டக்காரன் வெளிச்சத்தில் நின்றால் அது பிரகாசிக்கும், இருட்டுக்குள் போனால் மங்கும். தமிழனுக்கு இதில் ஒரு வேடிக்கை. ஒளி என்றால் வெளிச்சம், ஒளி என்றால் மறைந்துகொள். 'ஒளியில் ஒளியாதே' என்று இரண்டு சொல்லில் அந்த விளையாட்டின் விதியைச் சொல்லிவிடலாம்.

ஆனால் 'ஒளிதல்' முழுப் பொருத்தமில்லை. ஒளிந்தவன் ஓரிடத்தில் இருப்பான். அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் பிளாக் கேச்சிங் என்ற ஓடிப்பிடி விளையாட்டு ஆடிய காலத்தில் தூணுக்குப் பின்னால் ஒளிந்தோம். பிடிக்க வருபவனை நாங்கள் தாக்கவில்லை. ஸ்டெல்த்தில் மறைவுக்குப் பின்னால் ஒரு நோக்கம் காத்திருக்கிறது. அதற்குத் தமிழில் 'பதுங்கு' இருக்கிறது. புலி பதுங்குவது பாய்வதற்கு. உடம்பைக் குறுக்குவது, மூச்சை அடக்குவது, அடுத்த அடிக்குத் தயாராவது எல்லாம் அந்த ஒரு வினைக்குள் உண்டு. பதுங்கு குழி என்ற சொல்லை நாம் எல்லாரும் அறிவோம். ஆகவே கலைச்சொல்லாகும் பழக்கமும் அதற்கு ஏற்கெனவே இருக்கிறது. பதுங்கல், பதுங்காட்டம், பதுங்கித் தாக்குதல் என்று தடையில்லாமல் நீளவும் செய்கிறது.

இருந்தாலும் என் மனம் போவது வேறொரு சொல்லிடம். களவு.

களவு என்றால் திருட்டு. அகப்பொருள் இலக்கணத்தில் அதே சொல், ஊரறியாமல் தலைவனும் தலைவியும் கூடும் காதலுக்குப் பெயர். தொல்காப்பியத்தில் களவியல் என்று தனி இயலே உண்டு. திருட்டிலிருந்து மறைவுக்கு ஆங்கிலச் சொல் நடந்த அதே பாதையை நம் சொல்லும் நடந்திருக்கிறது. யாரும் யாரிடமும் கேட்டு எழுதவில்லை.

களவில் இரவுக்குறி என்று ஒன்று. இரவில் தலைவன் வந்து சேரவேண்டிய இடம். அதற்கு வரும் இடையூறுகளை அகநானூற்றின் 122ஆம் பாட்டில் பரணர் அடுக்குகிறார். திருவிழா இல்லாத நாளிலும் ஊர் தூங்காது. கடைத்தெருவும் மற்றத் தெருக்களும் அடங்கினால் அன்னை தூங்கமாட்டாள். அன்னை தூங்கினால் காவலர் விரைந்து சுற்றுவார்கள். அவர்கள் கண்ணயர்ந்தால் நாய் குரைக்கும். நாய் அடங்கினால் பகல்போல் நிலவு காயும். நிலவு மலைக்குப் பின்னால் போய் இருட்டினால் கூகை குழறும். அதுவும் ஓய்ந்தால் கோழி கூவிவிடும். எல்லாம் அடங்கிய ஒரு நாள் பார்த்து, அவன் வரவில்லை!

இது தலைவியின் புலம்பல்தான். ஆனால் விளையாட்டு வடிவமைப்பாளர் ஒருவர் படித்தால் வேறொன்று தெரியும். காணும் கண், கேட்கும் காது, காட்டிக்கொடுக்கும் வெளிச்சம், ஒரு தடை விழுந்தால் அதன் இடத்தில் இன்னொன்று. படிப்படியாக ஏறும் சிரமத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் வரைந்துவிட முடியாது.

சிரமம் என்றேன். அது வடசொல். கடினமும் வடசொல்தான். பரணர் காவலருக்குச் சொல்லும் வினை 'கடுகுவர்'. கடுகுதல் என்றால் விரைதல், மிகுதல். கடு என்ற அடியில்தான் கடுமையும் இருக்கிறது. ஆட்டம் போகப்போக எதிரி கெட்டிப்படுவதைக் 'கடுமை கூடுதல்' என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும். நான் எழுதினால் 'காவல் கடுகுதல்' என்றே எழுதுவேன், அடுப்படிக் கடுகு நினைவுக்கு வந்தாலும் பரவாயில்லை.

கடுமையைக் கூட்டுவதில் நல்ல வழியும் உண்டு, சோம்பேறி வழியும் உண்டு. 2006இல் வந்த 'ஆப்லிவியன்' ஆட்டத்தில், ஆட்டக்காரன் வளர வளர எதிரிகளும் கூடவே வளர்ந்தார்கள். விளைவு, வழிப்பறிக்காரன் ஒருவன் அரிய கண்ணாடிக் கவசத்தைப் போட்டுக்கொண்டு வந்து 100 காசு கேட்டு மிரட்டுவான். கவசத்தை விற்றால் வழிப்பறியே தேவையில்லை. 2017இன் 'அசாசின்ஸ் கிரீட் ஒரிஜின்ஸ்' இன்னொரு விதம்: மூச்சடக்கிப் பின்னால் போய்க் கத்தியை இறக்கினாலும், எதிரி நம்மைவிட மிக உயர்ந்த வலிமைப்படியில் இருந்தால் சாகமாட்டான். பதுங்கியதற்கே மரியாதை இல்லை. (அந்த வரிசையின் கடற்போர்ப் பகுதிகளில் அதைத் தயாரிக்கும் யுபிசாஃப்ட் நிறுவனத்தின் சிங்கப்பூர்க் கிளைக்குப் பங்கு உண்டு. பதுங்கல் ஆட்டத்துக்கு நம் ஊர் கொடுத்தது பீரங்கிச் சத்தம்.)

'தீஃப்' வேறு மாதிரி. மிகக் கடுமையான நிலையைத் தேர்ந்தால் மனிதர்கள் யாரையும் கொல்லக்கூடாது என்று நிபந்தனை சேரும். 2015இன் 'மெட்டல் கியர் சாலிட் 5' எனக்கு இன்னும் பிடிக்கும். தலையிலேயே சுட்டுப் பழகினால் காவலர் தலைக்கவசம் அணியத் தொடங்குவார்கள். இரவில் மட்டும் வந்தால் இரவுக்கண்ணாடி மாட்டிக்கொள்வார்கள். நம் பழக்கமே நமக்கு எதிரியாகிறது. பரணரின் காவலர் இவர்கள்தான்.

இந்த ஆட்டங்கள் பலவும் நடப்பது 'திறந்த உலகத்தில்' என்கிறார்கள். 'ஓப்பன் வேர்ல்டு' என்பதற்குச் சொல்லுக்குச் சொல் வைத்தது, கூரையில்லாத கொட்டகையை நினைவூட்டுகிறது. எந்தப் பக்கமும் போகலாம், எந்த வேலையையும் முதலில் எடுக்கலாம் என்பதுதான் அங்கே பொருள். 'விரியுலகம்' என்று வைத்துப் பார்த்தேன். இதைவிட நல்லது கிடைத்தால் மாற்றிக்கொள்வேன்.

ஆக, ஆட்டக்காரன் செய்வது பதுங்கல். கப்பலுக்கும் விமானத்துக்கும் புலப்படாமை. களவை விளையாட்டுக்கு வைக்க ஆசைதான். 'களவாட்டம் ஆடுறேன்' என்று ஒரு பையன் தேக்கா கடைத்தெருவில் உரக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்து நிறுத்திக்கொண்டேன். நம் ஊரில் டிஜிட்டலுக்கு மின்னிலக்கம் என்ற சொல் வேரூன்றியது, செய்தியிலும் அறிவிப்பிலும் நாள்தோறும் காதில் விழுந்ததால். பதுங்கலை ஆடுகிற பிள்ளைகள் வாயில் போட்டால்தான் உண்டு.

அக்கா மகனிடம் பரணர் பாட்டைச் சொன்னேன். ஊர், அன்னை, காவலர், நாய் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். அவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான். முகத்தில் ஒரு பதற்றம். பாட்டு இவ்வளவு தூரம் பிடித்துவிட்டதே என்று நானும் குரலை உயர்த்தி இன்னொரு முறுக்கைக் கடித்தேன்.

"மாமா, மெதுவா" என்றான். "10 மணிக்கே படுத்துட்டேன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன்."

அறைக் கதவின் அடியில் விளக்கு வெளிச்சம் விழுந்தது. அன்னை துஞ்சவில்லை.