ஐப்பசியில் மீன் இரை எடுக்கவில்லை என்றால்

இந்த ஐப்பசியில் இது நான்காவது கண்மாய். விடியற்காலை ஐந்தேகாலுக்குத் தொலைபேசி மணி அடித்தது. "அண்ணே, யாரோ விஷத்தைக் கலந்துவிட்டார்கள். மீனெல்லாம் மிதக்கிறது. உடனே வாருங்கள்."

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் உள்ள சிற்றூர். நான் போய்ச் சேர்ந்தபோது கரையில் ஊரே கூடியிருந்தது. கண்மாயில் மீன் வளர்த்துப் பிடிக்கும் மீன்பாசி உரிமையைக் குத்தகை எடுத்தவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மடைக்கருகில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கிலோ, மூன்று கிலோ கட்லாக்கள் வயிறு வெளுத்துக் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தன. மேல்கரையில் தோட்டம் வைத்திருப்பவரின் பெயரை அதற்குள் நாலு பேர் சத்தமாகவே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "தம்பி, மீன் கடைசியாக எப்போது ஒழுங்காகத் தீவனம் தின்றது?"

"ஒரு வாரமாகவே சரியாகத் தின்னவில்லை அண்ணே. மழை பிடித்துத் தண்ணீர் குளிர்ந்துவிட்டது, அதனால் மந்தமாக இருக்கிறது என்று நினைத்தேன். தீபாவளிக்குள் எடை ஏறட்டும் என்று இன்னும் ஒரு மூட்டை சேர்த்துப் போட்டேன்."

கம்பில் கட்டித் தொங்கவிட்டிருந்த தீவனச் சாக்கை இழுத்துக் கரையில் போடச் சொன்னேன். தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்து கட்டிய சாக்கு. கட்டிய கனம் அப்படியே இருந்தது. வாயைப் பிரித்ததும் புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது. கையை உள்ளே விட்டால் களி போலக் குழைந்து விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டது. இப்படி அந்தக் கண்மாயில் பதினோரு சாக்குகள் தொங்கின. ஒரு வாரமாக மீன் தொடாத தீவனம் அத்தனையும் தண்ணீருக்குள்ளேயே அழுகிக்கொண்டிருந்தது.

இருபது வருடமாக இந்த வட்டாரத்தில் மீன்வளர்ப்பு ஆலோசனை சொல்லி வருகிறேன். ஒவ்வொரு வருடமும் ஆவணிக் கடைசியில் தூண்டில்காரர்கள் வந்து, "கடிக்கவே மாட்டேன் என்கிறது ஐயா" என்பார்கள். புரட்டாசியில் வளர்ப்போர் வந்து, "தின்ன மாட்டேன் என்கிறது" என்பார்கள். ஐப்பசியில் சாவுச் செய்தி வந்துவிடும். மூன்றும் ஒரே கதையின் மூன்று கட்டங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

முதலில் இந்தக் குளிர்க் கதையைப் பார்ப்போம். இது எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். வெளிநாட்டுத் தூண்டில் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்து பேசுகிறார்கள். அமெரிக்க ஓடைகளில் ஸ்மால்மவுத் பாஸ் என்றொரு மீன் உண்டு. கோடையில் கல்லும் நீரோட்டமுமான இடங்களில் சுறுசுறுப்பாக இரை தேடும். செப்டம்பர், அக்டோபரில் பகல் குறுகும், ஓடை நீர் நாளுக்கு நாள் குளிரும், மீன் ஆழமான மடுக்களுக்கு நகர்ந்துவிடும். நீர் 10 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இரை எடுப்பது வெகுவாகக் குறைந்துவிடும். மீனுக்கென்று சொந்தமாக உடல் சூடு கிடையாது. தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மெதுவாகும், பசி குறையும். கோடையில் மீன் கிடைத்த இடத்திலேயே தூண்டிலைப் போட்டுக்கொண்டு நிற்பவர் வெறுங்கையோடு திரும்புவார். அங்கே அது முழு உண்மை.

செட்டிநாட்டில் அது எப்படி உண்மையாகும்? அன்று காலை அந்தக் கண்மாயில் என் வெப்பமானி காட்டியது 27 டிகிரி. கட்லா போன்ற கெண்டை இனங்கள் வயிறு நிறையத் தின்பதற்கு ஏற்ற சூடு அதுதான். இத்தனை வருடத்தில் மார்கழி விடியலில்கூட இங்குள்ள கண்மாய்களில் மீன் பட்டினி கிடக்கும் அளவுக்குக் குளிரை நான் அளந்ததில்லை. ஆகவே ஐப்பசியில் நம் மீன் வாயை மூடினால் குளிரைக் காரணம் சொல்லாதீர்கள். அதற்கு மூச்சு முட்டுகிறது. மூச்சு முட்டும்போது யாருக்குச் சோறு இறங்கும்?

தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பெரும்பாலும் தயாரிப்பது பச்சை நிறத்தில் தெரியும் நுண்பாசி. அதற்கு வெயில் வேண்டும். இரவில் அந்தப் பாசியும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை எடுத்து மூச்சு விடும். அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் கண்மாயில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் மீன் நன்றாக இருக்கும். 3-க்குக் கீழே போனால் தீவனத்தைத் திரும்பிப் பார்க்காது. 1-க்கு அருகில் சாவு. அன்று ஆறு மணிக்கு நான் பார்த்த அளவு 0.8.

"நீர் குளிர்ந்தால் ஆக்சிஜன் அதிகம் கரையும் என்று பள்ளியில் படித்தோமே" என்று ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்விதான். 30 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 7.5 மில்லிகிராம் பிடிக்கும், 25 டிகிரியில் சுமார் 8.2 பிடிக்கும். பானை கொஞ்சம் பெரிதாகிறது, அவ்வளவுதான். ஊற்றுவதற்கு வெயில் வரவேண்டுமே. நான்கு நாள் மூடாப்பு போட்டால் பெரிய பானையும் காலியாகத்தான் இருக்கும்.

நம் மண் இன்னொன்றும் செய்கிறது. செம்புறாங்கல் பூமி. முதல் மழை வரத்துக்காலில் செங்காவியாக வந்து இறங்கும்போது வெளிச்சம் நீருக்குள் ஒரு முழம்கூட இறங்காது. வரத்துக்கால் நெடுகக் கொட்டி வைத்திருக்கும் கோழிக்கழிவு, சாக்கடை, மக்கிய சருகு எல்லாம் அதே தண்ணீரில் வந்து சேர்ந்து, மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். ஊருணியைச் சுத்தமாக வைத்துக் குடித்த சனங்கள் நாம். கண்மாயின் வரத்துக்காலை மட்டும் ஏன் குப்பைத்தொட்டி ஆக்கினோம் என்று எனக்கு விளங்கவே இல்லை.

பகலெல்லாம் புழுங்கிவிட்டு மாலையில் இடிமழை கொட்டும் நாட்களில் எனக்குத் தூக்கம் வராது. மேலே சூடான நீர், அடியில் சேற்றை ஒட்டி ஆக்சிஜன் இல்லாத நீர் என்று ஆழமான கண்மாய் இரண்டு அடுக்காகக் கிடக்கும். குளிர்ந்த மழைநீர் கனமாக உள்ளே இறங்கி, அடியில் கிடந்ததை மேலே புரட்டிவிடும். காலையில் கரையில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அதுதான் நடந்திருக்கிறது.

இதோடு புரட்டாசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதிச் சனம் கவுச்சியைத் தொடாது, விலை விழுந்துவிடும். ஆடி, ஆவணியில் பிடித்திருக்க வேண்டிய மீனைத் தீபாவளி விலைக்காகத் தண்ணீரிலேயே வைத்திருப்பார்கள். ஆக, மீனின் மொத்த எடை உச்சத்தில் இருக்கும் நேரமும் வானம் மூடும் நேரமும் ஒன்றாக வந்து விழுகின்றன. கணக்கு தெரிந்த ஊர் இது. இந்தக் கணக்கை மட்டும் யாரும் போடுவதில்லை. பாதி மீனை ஆவணியிலேயே கொடுத்துவிடுங்கள். கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைந்தால் குறையட்டும்.

இனி விஷத்துக்கு வருகிறேன். என்னை உண்மையில் வருத்துவது இதுதான்.

விஷமா, மூச்சுத் திணறலா என்று பிரித்தறிய ஆய்வுக்கூடம் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கண்ணால் பாருங்கள். செத்ததில் பெரிய மீன் அதிகமா? மூச்சு முட்டும்போது பெரிய மீன்தான் முதலில் போகும், குஞ்சுகள் தாக்குப்பிடிக்கும். விஷம் பெரும்பாலும் சின்னதை முதலில் கொல்லும், பெரியதையும் விடாது. விரால் உயிரோடு இருக்கிறதா? குரவை, தேளி, பனையேறிக் கெண்டை எல்லாம் இருக்கின்றனவா? இவை மேலே வந்து காற்றை நேரடியாக விழுங்கத் தெரிந்தவை, தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்தாலும் பிழைத்துக்கொள்ளும். பூச்சிமருந்துக்கு விரால் என்றும் கட்லா என்றும் பேதம் தெரியாது. தவளையும் தண்ணீர்ப் பாம்பும் நத்தையும் சாகாமல் நடமாடுகின்றனவா? செத்தது விடியலிலா, உச்சி வெயிலிலா? விஷம் மணி பார்த்து வராது. மூச்சுத் திணறல் விடியலில்தான் வரும்.

அந்தக் கண்மாயில் கரையோரத் தாமரை இலைகளுக்கு அடியில் விரால் ஒன்று தன் சிவந்த குஞ்சுக் கூட்டத்தைக் காத்துக்கொண்டு நின்றது. குத்தகைக்காரரின் தோளைப் பிடித்து அதைக் காட்டினேன். "விஷம் என்றால் இந்தக் குஞ்சு ஒன்றுகூட மிஞ்சியிருக்காது தம்பி." வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் இதே வட்டாரத்தில் வேறொரு ஊரில் நான் ஒரு நாள் தாமதமாகப் போனேன். அதற்குள் காவல் நிலையம் வரை போய்விட்டார்கள். தண்ணீரைச் சோதித்ததில் மருந்து எதுவும் இல்லை. ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியுமா? கோடையில் கண்மாய் வற்றி மீன்பிடித் திருவிழா வரும்போது ஊத்தாக் கூடையும் கச்சா வலையும் தூக்கிக்கொண்டு ஊரே ஒன்றாக இறங்குவது நம் வழக்கம். அந்த ஊரில் ஒரு தெருக்காரர்கள் இன்றுவரை இறங்குவதில்லை. தயவுசெய்து, கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், விராலைத் தேடிப் பார்க்காமல் ஒருவர் பெயரைச் சொல்லாதீர்கள்.

உண்மையாகவே விஷம் என்ற சந்தேகம் எழுந்தால், சுத்தமான பாட்டிலில் காற்றுக்கு இடமில்லாமல் தண்ணீரை நிரப்பி மூடி, சாகும் தறுவாயில் உள்ள மீன் இரண்டையும் சேர்த்து ஐஸில் வைத்து அன்றே மீன்வளத் துறை அலுவலகத்தில் கொடுங்கள். அழுகிய மீனை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது. செத்து மிதக்கும் மீனைப் பாதி விலைக்குத் தள்ளிவிடும் வேலையும் வேண்டாம். சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

மேகம் மூடிய நாட்களில் கண்மாய்க்குப் போக வேண்டிய நேரம் விடியற்காலை நான்கரை. ஒன்பது மணிக்குக் காபி குடித்துவிட்டுப் போகிறவருக்குக் கண்மாய் எதுவும் சொல்லாது. கட்லா மேல்மட்டத்து மீன், அது மேலே வாய் பிளப்பது முதல் எச்சரிக்கை. அடித்தரையில் மேயும் மிர்கால் மேலே வந்து வாய் பிளந்தால் நிலைமை முற்றிவிட்டது. இறால் கரையேறப் பார்த்தாலும் அப்படியே. கொக்கையும் கவனியுங்கள். வழக்கத்துக்கு மாறாகக் கொக்கும் நாரையும் ஒரே ஓரத்தில் குவிந்து நின்றால், அங்கே மீன் மேலே வந்து தவிக்கிறது. திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிக்காத மக்கள் இருக்கிறார்கள். பறவையைப் பார்க்க இந்த மண்ணுக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை.

சென்ற வருடம் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பண்ணைக் குட்டையைக் காப்பாற்றியது, படித்துறைக்குத் தினமும் விடியலில் வரும் ஓர் ஆச்சி. "மீனெல்லாம் தண்ணீருக்கு மேலே முத்தம் கொடுக்கிறதே, என்ன அப்பச்சி இது?" என்று குட்டைக்காரரின் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருக்கிறார். அவர் உடனே தண்ணீர் இறைக்கும் எஞ்சினைப் போட்டார். செத்தது ஏழு மீன்.

எஞ்சின் போடும்போது ஒரு கவனம் வேண்டும். தண்ணீரை உறிஞ்சும் குழாயின் அடிமுனையான ஃபுட்வால்வைச் சேற்றுக்குள் இறக்காதீர்கள், அடியில் கிடக்கும் கெட்ட நீரை நீங்களே மேலே கொண்டுவந்து ஊற்றுவீர்கள். மேல்மட்டத்து நீரை எடுத்து, குழாயை உயரத் தூக்கிக் கட்டி, பலகையிலோ தகரத்திலோ மோதிச் சிதறி விழும்படி விடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரையும் அப்படியே சிதறவிட்டுச் சேருங்கள், நேராக விடாதீர்கள், அதில் ஆக்சிஜன் அநேகமாக இருக்காது. வெயில் ஏறும்வரை எஞ்சினை நிறுத்தக் கூடாது.

கடையில் விற்கும் ஆக்சிஜன் பொடி, மாத்திரை பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு ஏக்கர், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் 60 லட்சம் லிட்டர் தண்ணீர். அதில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஏற்ற 18 கிலோ ஆக்சிஜன் வேண்டும். அந்தப் பொடியின் எடையில் ஆறில் ஒரு பங்குகூட ஆக்சிஜன் கிடையாது. நூறு கிலோவுக்கு மேல் கொட்ட வேண்டும், அதுவும் ஒரே ஒரு ஏக்கருக்கு. நீங்கள் வாங்கிப் போடுவது இரண்டு கிலோ. குஞ்சுத் தொட்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள், கண்மாயில் காசைக் கரைக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் சாணமும் கோழி எருவும் போடவே கூடாது. மூடாப்பு நாளில் இழுவலை போட்டுச் சேற்றைக் கலக்காதீர்கள். முழங்கை வரை கையை நீருக்குள் விட்டுப் பாருங்கள், உள்ளங்கை தெரியாத அளவுக்குப் பச்சை ஏறியிருந்தால் ஏற்கெனவே தீவனம் அதிகம். தீவனம் காலை ஒன்பதரைக்கு மேல், வெயில் வந்த பிறகு மட்டும். மாலையில் வேண்டாம். மேகம் போட்டால் பாதி. இரண்டு நாள் தொடர்ந்து மூடினால் முழுதாக நிறுத்துங்கள். பட்டினியில் மீன் மெலிந்துவிடும் என்று பயப்படாதீர்கள். ஒரு வாரம் தின்னாத கெண்டை சாகாது. ஒரு வாரம் அழுகிய புண்ணாக்கில் நீந்தும் கெண்டை செத்துவிடும்.

வெயில் திரும்பி மூன்றாம் நாள் ஒரே ஒரு சாக்கில் கால்வாசி மட்டும் கட்டுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பாருங்கள். காலியாக இருந்தால் மறுநாள் இன்னொன்று. கனமாக இருந்தால் அவிழ்த்துக் கரையில் கொட்டிவிட்டு, அடுத்த நாள் விடியலில் மறுபடி வந்து தண்ணீரைப் பாருங்கள்.