ஊதும் கருவி எதை அளக்கிறது?

"ரெண்டு பீர்தான் சார், நிதானமாத்தான் ஓட்டிட்டு வந்தேன்." இரவு வாகனச் சோதனையில் மாட்டுபவர்கள் வழக்கமாக வைக்கும் வாதம் இது. உண்மையாகவே கூட இருக்கலாம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு நிதானத்தைப் பற்றிக் கேட்பதில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்ததா என்பதுதான் கேள்வி. முதல் முறை பிடிபட்டாலே 6 மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஆகவே வாதாட நினைப்பவர், அந்த எண் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

குடித்த மது வயிற்றிலும் சிறுகுடலிலும் இருந்து ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கு வருகிறது. அங்கே உள்ள நுண்ணிய காற்றுப் பைகளின் சுவர் மிக மெல்லியது. ஆல்கஹால் எளிதில் ஆவியாகும் பொருள் என்பதால், ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ற அளவில் மூச்சுக் காற்றிலும் சேர்ந்துவிடும். நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் 2,100 மில்லி காற்றில் இருக்கும் ஆல்கஹாலும் 1 மில்லி ரத்தத்தில் இருப்பதும் சமம் என்று வைத்துக்கொண்டு பல கருவிகள் கணக்குப் போடுகின்றன. "நிறுத்தாம ஊதுங்க" என்று போலீசார் சொல்வதற்குக் காரணம் இதுதான். முதலில் வருவது வாயிலும் மூச்சுக் குழாயிலும் தங்கிய காற்று. கடைசியில் வருவதுதான் ரத்தத்தோடு உறவாடிய காற்று.

1954-இல் அமெரிக்காவின் இண்டியானாவில் ராபர்ட் போர்கென்ஸ்டைன் உருவாக்கிய கருவியில், ஆரஞ்சு நிறப் பொட்டாசியம் டைகுரோமேட் ஆல்கஹால் பட்டதும் பச்சையாக மாறும். அந்த நிற மாற்றத்தை வைத்து அளந்தார்கள். இன்று கையில் பிடித்து ஊதும் கருவிகளுக்குள் பெரும்பாலும் ஓர் எரிபொருள் மின்கலம் இருக்கிறது. அதன் பிளாட்டினத் தகட்டில் ஆல்கஹால் ஆக்சிஜனேற்றம் அடைந்து, வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலமாக மாறுகிறது. அப்போது விடுபடும் எலக்ட்ரான்கள் மின்னோட்டமாகப் பாய்கின்றன. ஆல்கஹால் கூடினால் மின்னோட்டமும் கூடும். அது மூச்சின் வாடையை அளப்பதில்லை. அதனால் ஏலக்காய், கிராம்பு, பீடா போட்டு வாடையை மறைத்தாலும் எண் மாறாது.

சரி, ரெண்டு பீருக்கு வருவோம். ஸ்வீடன் நாட்டு அறிஞர் எரிக் விட்மார்க், குடித்த அளவை வைத்து ரத்தத்தில் ஏறும் ஆல்கஹாலைக் கணிக்க 1930-களில் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது. 5 சதவீத ஆல்கஹால் உள்ள 650 மில்லி பீரில் ஏறத்தாழ 26 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆணுக்கு அந்த ஒரு பாட்டிலே 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராமைத் தாண்டிப் போகக்கூடும். பெண்ணுக்கு இன்னும் கூடும், ஏனென்றால் அதே எடையில் பெண்ணின் உடலில் பொதுவாக நீரின் பங்கு குறைவு. வெறும் வயிறா, சாப்பிட்ட வயிறா என்பதைப் பொறுத்து ஏறும் வேகம் மாறும். கல்லீரலோ மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். காபியோ மோரோ பச்சைத் தண்ணீர்க் குளியலோ அதை வேகப்படுத்தாது. இரவு 11 மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்த அதே மனிதர் 30-க்குக் கீழே இறங்க, அதிகாலை 5 மணியும் தாண்டிவிடும். தூங்கி எழுந்து, தெளிவாக இருப்பதாக நம்பிக் காலையில் வண்டியை எடுப்பவர் இதை அவசியம் தெரிந்திருக்க வேண்டும்.

ஆக, "கொஞ்சம்தான் குடித்தேன்" என்ற வாதத்தில் வலு இல்லை. அளந்த முறையைக் கேள்வி கேட்பதில்தான் வலு இருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டுவது உயிரோடு விளையாடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதே அளவு உறுதியோடு, ஒருவரைத் தண்டிக்கும் எண் சரியாக அளக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

முக்கியமான பிழை வாயிலிருந்தே வரும். இப்போதுதான் ஒரு மடக்கு குடித்தவர், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷால் கொப்பளித்தவர், ஏப்பமோ வாந்தியோ வந்தவர் ஆகியோரின் வாயில் ஆல்கஹால் நேரடியாகவே தங்கியிருக்கும். உடனே ஊதினால் எண் எகிறிவிடும். 15 நிமிடம் எதுவும் சாப்பிடாமல் காத்திருந்து ஊதினால் இந்தப் பிழை போய்விடும். ஊதுவதற்கு முன் கருவி பூஜ்ஜியம் காட்டியதா, கடைசியாக எப்போது அளவீடு சரிபார்க்கப்பட்டது என்பவையும் நியாயமான கேள்விகள். அந்த 2,100 என்பதும் ஒரு பொது அளவுதான். குடித்து வெகுநேரமான பலருக்கு அது உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். குடித்த புதிதில் கூடுதலாகக் காட்டக்கூடும். காய்ச்சல் இருந்தாலும் எண் கொஞ்சம் ஏறும். 32 வந்தவருக்கு இவையெல்லாம் பெரிய விஷயம், 150 வந்தவருக்கு அல்ல.

"ஓட்டும்போது கம்மிதான், அப்புறம்தான் ஏறியது" என்பதும் அறிவியல்படி நடக்கக்கூடியதே. குடித்து முடித்து அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் பொதுவாக உச்சம் வரும். ஆனால் அந்த வாதத்தைச் சொல்பவர், போதை ஏறிக்கொண்டிருக்கும்போதே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்ததை ஒப்புக்கொள்கிறார்.

சந்தேகம் தீர ரத்தப் பரிசோதனைதான் வழி. 185-ஆவது பிரிவில் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரின் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 202-ஆவது பிரிவு சொல்கிறது. காலம் தாழ்த்தினால் கல்லீரல் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும் என்பதால், ரத்தம் எடுத்த நேரத்தைக் குறித்து வைப்பது அவசியம். ஊசி குத்தும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக் கூடாது. ரத்தம் எடுக்கும் குப்பியில் சோடியம் ஃபுளோரைடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நுண்ணுயிர்கள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை நொதிக்க வைத்து, குப்பிக்குள்ளேயே புதிதாக ஆல்கஹாலை உண்டாக்கிவிடலாம்.