ஸ்பீக்கர் ஏன் 'டிட்டிடி டிட்டிடி' என்றது?

2ஜி காலத்தில் போனை ரேடியோ பக்கத்தில் வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறந்திருக்காது. கால் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஸ்பீக்கர் கரகரவென்று இரைய ஆரம்பித்துவிடும். அப்போது நம் காதில் விழுந்தது டிடிஎம், அதாவது ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துப் பலருக்குக் கொடுக்கும் முறை.

2ஜி போன்களில் பெரும்பாலானவை பயன்படுத்திய ஜிஎஸ்எம் முறையில் அலைக்கற்றையை முதலில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலத் துண்டுகளாக நறுக்குவார்கள். இது எஃப்டிஎம், அதாவது அதிர்வெண்ணைப் பிரித்துக் கொடுக்கும் முறை; எஃப்எம் நிலையங்கள் ஆளுக்கொரு அதிர்வெண்ணில் உட்கார்ந்திருப்பதும் இதே கதைதான். அப்புறம் ஒவ்வொரு துண்டையும் எட்டு பேருக்கு முறைவைத்துப் பங்கிடுவார்கள். ஒரு சுற்றுக்கு 4.615 மில்லிவிநாடி, அதில் உங்கள் முறை சுமார் 0.577 மில்லிவிநாடி, ஆக பேசும்போது போன் விநாடிக்கு ஏறக்குறைய 217 தடவை அலையைப் போட்டுப் போட்டு நிறுத்துகிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அலை காதுக்கு எட்டாது, ஆனால் 217 ஹெர்ட்ஸ் நன்றாகவே கேட்கும்; ஸ்பீக்கர் ஒயர் ஆன்டெனா மாதிரி அதைப் பிடித்துக்கொள்ள, ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கிவிடும்.

இதில் ஒரு தொல்லை உண்டு. தூரத்துப் போனின் சிக்னல் தாமதமாக வந்து அடுத்தவர் முறைக்குள் விழக்கூடாது என்பதால், டவர் அதைக் கொஞ்சம் முன்கூட்டியே அனுப்பச் சொல்லும். அப்படிச் சரிக்கட்ட முடிவது சுமார் 35 கிலோமீட்டர் வரைதான். அதைத் தாண்டினால், சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தாலும், சாதாரண ஜிஎஸ்எம்மில் பேச முடியாது.

சிடிஎம்ஏ என்ற இன்னொரு போன் முறை வேறு வழியில் போனது (2003 வாக்கில் ரிலையன்ஸ் கொண்டுவந்த போன்கள் நினைவிருக்கும்). 1.25 மெகாஹெர்ட்ஸில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஆளுக்கொரு குறியீடு; உங்கள் குறியீட்டை வைத்துப் பார்த்தால் மற்றவர் பேச்செல்லாம் வெறும் இரைச்சலாகத் தேய்ந்துவிடும். எனக்கு இதுதான் இருப்பதிலேயே அழகான யோசனை. ஆனால் டவர் பக்கத்தில் நிற்பவரின் போன் மற்றவர்களை அமுக்கிவிடும், அதனால் விநாடிக்கு 800 தடவை 'சக்தியைக் கூட்டு, குறை' என்று போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

4ஜி மறுபடி நறுக்கலுக்கே திரும்பியது, ஆனால் 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், ஒன்றன்மேல் ஒன்று படிந்தபடி. ஒரு துணை அலை உச்சத்தில் இருக்கும் இடத்தில் மற்றவை எல்லாம் பூஜ்யமாக இருக்கும்படி அடுக்கியிருப்பதால் கலந்துபோவதில்லை. 20 மெகாஹெர்ட்ஸில் இப்படி 1,200 அடங்கும். ஒவ்வொரு துணை அலையும் தகவலை நிதானமாக அனுப்புவதால், கட்டடங்களில் பட்டுத் தாமதமாக வரும் எதிரொலியும் பெரிதாகக் கெடுக்காது. இந்த ஓஎஃப்டிஎம்முக்கு 1966இலேயே பெல் ஆய்வகத்தில் ராபர்ட் சாங் அடிப்படை போட்டுவிட்டார். கைபேசிக்கு வர, அத்தனை கணக்கையும் உடனுக்குடன் போடும் மலிவான சில்லு தேவைப்பட்டது.