சத்தம் கூடுகிறது, குரல் ஏன் எழவில்லை?

கொயர் மென்கருவி ஒன்றை, அதாவது சேர்ந்து பாடும் குழுவின் பதிவுசெய்த குரல்களை ஒலிக்கவைக்கும் மென்பொருளை, கணினியில் நிறுவிய வாசகர் ஒருவர் இரண்டு சிக்கல்களை எழுதியிருக்கிறார். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என மேலிருந்து கீழாக நான்கு குரல் பகுதிகளையும் ஏற்றிவிட்டு ஒரு கட்டையை அழுத்தினால் நான்கும் சேர்ந்து பாடுகின்றனவாம். பாட்டின் உச்சத்தில் ஃபேடரை, அதாவது சத்த அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை, ஏற்றினால் சத்தம் கூடுகிறதே தவிர, பாடகர்கள் ஓங்கிப் பாடுவதுபோல் இல்லையாம். முதல் சிக்கலைச் சீக்கிரம் தீர்த்துவிடலாம். இரண்டாவதில்தான் ருசியான இயற்பியல் இருக்கிறது.

கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் நெறிமுறைக்கு மிடி என்று பெயர். அதன் வழியே ஒலி போவதில்லை, கட்டளை மட்டுமே போகிறது. ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று பைட்டுகள் கிளம்புகின்றன. முதலாவது 'ஸ்வரத்தைத் தொடங்கு' என்கிறது. இரண்டாவது எந்த ஸ்வரம் என்கிறது. நடு ஸி என்றால் 60. மூன்றாவது எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்பதை 127 வரையுள்ள எண்ணாகச் சொல்கிறது. முதல் பைட்டின் எட்டு பிட்களில் நான்கு, கட்டளை யாருக்கு என்று பிரித்துக்காட்டும் சேனல் எண்ணுக்கு உரியவை. நான்கு பிட்களில் 16 எண்களைத்தான் எழுத முடியும். மிடியில் 16 சேனல்கள் இருப்பது அதனால்தான். மின்னணு இசைக்கருவி வடிவமைப்பாளர்கள் டேவ் ஸ்மித், இக்குடாரோ ககேஹாஷி ஆகியோரின் முயற்சியில் 1983-ல் வந்த இந்த நெறிமுறையை எந்த நிறுவனமும் உரிமத்தொகை கட்டாமல் பயன்படுத்தலாம் என்று விட்டார்கள். போட்டி நிறுவனங்களின் கருவிகள் இன்றும் ஒன்றோடொன்று பேசுவதற்கு அந்தத் தாராளம் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

வாசகரின் கருவியில் நான்கு பகுதிகளும் 'ஆம்னி' நிலையில், அதாவது எந்தச் சேனலில் வந்தாலும் ஏற்கும் நிலையில் இருக்க வேண்டும். சோப்ரானோவுக்கு 1, ஆல்ட்டோவுக்கு 2, டெனருக்கு 3, பேஸுக்கு 4 என்று கருவிக்குள் மாற்றுங்கள். ரெக்கார்டிங் மென்பொருளில் நான்கு மிடி டிராக்குகள் திறந்து, அனைத்தையும் அந்த ஒரே கருவிக்கு அனுப்பி, ஒவ்வொன்றின் வெளியேறும் சேனலையும் அதே எண்ணில் வையுங்கள். பெரும்பாலான கீபோர்டுகள் எல்லாவற்றையும் சேனல் 1-இல்தான் அனுப்பும். ஆகவே டிராக்கில் சேனலை 'எதுவானாலும்' என்று விட்டுவிட்டால், நீங்கள் எந்த டிராக்கில் வாசித்தாலும் சோப்ரானோ மட்டும்தான் பாடும்.

இனி ஓங்கும் குரலுக்கு வருவோம். நாம் உரக்கப் பாடும்போது குரல்நாண்கள் ஒவ்வொரு அதிர்விலும் சட்டென்று மூடிக்கொள்கின்றன. அந்தத் திடீர் மூடலால் அடிப்படை அதிர்வெண்ணைவிட மேல் ஹார்மானிக்குகள், அதாவது அதன் மடங்குகளாக ஒலிக்கும் அதிர்வெண்கள், அதிகமாக வளர்கின்றன. அதாவது சத்தத்தோடு குரலின் நிறமும் மாறுகிறது. ஃபேடருக்கு இது தெரியாது. மென்மையாகப் பாடிய பதிவை அது எல்லா அதிர்வெண்களிலும் ஒரே அளவில் பெருக்குகிறது; நம் காதும் அது மென்மையான குரல்தான் என்று உடனே கண்டுகொள்கிறது.

அதனால்தான் இத்தகைய கருவிகளைத் தயாரிப்பவர்கள் ஒரே ஸ்வரத்தை மென்மையாக ஒருமுறை, நடுத்தரமாக ஒருமுறை, ஓங்கி ஒருமுறை என்று தனித்தனியே பாடவைத்துப் பதிவுசெய்கிறார்கள். நாம் கீபோர்டின் ஓரத்திலுள்ள மாடுலேஷன் சக்கரத்தை உருட்டும்போது ஒரு பதிவு அடங்கி அடுத்தது எழுகிறது. நடுவழியில் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அப்படியானால் 40 பேர் குழு அங்கே 80 பேராகக் கேட்க வேண்டாமா?

கேட்பதில்லை. ஏன் என்பதற்கு முதலில் ஒற்றைக் குரலில் இதைச் செய்து பார்க்கலாம். ஒரே பாடகி மென்மையாகப் பாடியது 440 ஹெர்ட்ஸ், ஓங்கிப் பாடியது 442 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கலந்தால் நொடிக்கு இருமுறை சத்தம் ஏறி இறங்கும். இரண்டாம் ஹார்மானிக்கில் நான்கு முறை, மூன்றாவதில் ஆறு முறை. ஒருத்தி பாடுவது இருவர் பாடுவதாகிவிடும். சேர்த்துவைத்த இடம் அப்பட்டமாகத் தெரியும். குழுவிலோ பதிவு ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே பல சுருதிகள் மிக நுண்ணிய வித்தியாசத்தில் நெளிந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் அலைமுகடுகளுக்கிடையே எந்த ஒழுங்கும் இல்லை. இந்தக் கலவரத்தோடு இன்னொரு கலவரத்தைச் சேர்த்தாலும் தனியாகப் பிரித்துக் கேட்கும்படி ஏற்ற இறக்கம் எதுவும் உருவாவதில்லை. பாடகர்கள் எல்லோரும் அச்சுப் பிசகாமல் ஒரே சுருதியில், அலைமுகடுகளும் ஒன்றாக விழும்படி பாடினால் இந்த வித்தை நடக்காது. மனிதக் குரலின் சின்னச்சின்னப் பிசகுகள்தான் இந்தக் கருவியைத் தாங்குகின்றன. எனக்கு இதில் தீராத வியப்பு.

கணக்கும் இதையே பின்பற்றுகிறது. ஒழுங்கற்ற இரண்டு ஒலிகள் சேரும்போது வீச்சுகள் அல்ல, ஆற்றல்கள்தான் கூடுகின்றன. நடுப்புள்ளியில் ஒவ்வொன்றையும் பாதி வீச்சில் வைத்தால் மொத்தம் சுமார் 3 டெசிபல் குறைந்து, நடுவில் ஒரு பள்ளம் விழும். ஒவ்வொன்றையும் 0.707-இல் வைத்தால் இரண்டின் வர்க்கங்களும் கூடி 1 ஆகும், பள்ளம் மறையும்.

சொற்களைப் பாடும் கொயர் கருவிகளுக்கு இன்னொரு கவனம் வேண்டும். தாளத்தில் விழ வேண்டியது உயிரொலி. 'ச' போன்ற மெய்யொலி அதற்குச் சற்று முன்பே தொடங்கியாக வேண்டும். டிராக் டிலேயை, அதாவது டிராக்கின் நேரத்தைத் தள்ளிவைக்கும் அமைப்பை, எதிர்மறையாக வைத்து, காது ஒப்பும்வரை சில மில்லிநொடிகள் முன்னே தள்ளுங்கள். இந்தச் சொல்வகைக் கருவிகளில் லத்தீன் ஒலிகளே அதிகம் கிடைக்கின்றன. பிற மொழிகளின் ஒலிகளைக் குழுவாகப் பாடிப் பதிந்து எல்லோருக்கும் இலவசமாகத் தருவதற்குப் பொது ஆய்வுநிதியிலிருந்து பணம் ஒதுக்க வேண்டும். ஒலியியலாளர்களுக்கும் அது பயன்படும்.

வாசகர் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஃபேடரை ஓரிடத்தில் நிறுத்திவிடுங்கள். பாட்டு எழும் இடங்களில் மாடுலேஷனுக்கு, அதாவது மிடியில் அந்தச் சக்கரத்தின் எண்ணான கன்ட்ரோலர் 1-க்கு, வளைகோடு வரையுங்கள். கட்டையை அழுத்தும் வேகம் இதற்கு உதவாது. அது ஸ்வரத்தின் தொடக்கத்தில் ஒருமுறைதான் போகிறது. மிக மென்மையான பதிவுக்கும் அதற்கென்று ஒரு சத்தம் உண்டு என்பதால், குரல் முழுவதுமாக அடங்க வேண்டிய முடிவுகளில் கன்ட்ரோலர் 11-ஐ, அதாவது சத்தத்தை மட்டும் மாற்றும் எக்ஸ்பிரஷனை, சேர்த்து இறக்குங்கள்.