படகின் பின்சுவர் ஏன் உளுக்கிறது?

பழைய ஃபைபர் மீன்பிடிப் படகை விலைக்குப் பார்க்க வருபவர்கள் முதலில் பெயிண்டைத்தான் பார்ப்பார்கள். விஷயம் தெரிந்தவர் கையில் மட்டும் ஒரு சின்னச் சுத்தியல் இருக்கும். நேரே அமரத்துப் பக்கம், அதாவது படகின் பின்பக்கம் போய், இன்ஜின் மாட்டும் சுவரை, அதாவது டிரான்சத்தை, சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வருவார். 'டக், டக்' என்று கேட்டுக்கொண்டிருந்தது ஓரிடத்தில் 'தொப்' என்று அமுங்கும். அங்கே உள்ளிருக்கும் மரம் போய்விட்டது.

ஃபைபர் படகில் மரம் எங்கிருந்து வந்தது? வெளியே தெரிவது சில மில்லிமீட்டர் கண்ணாடியிழைத் தோல்தான். அப்படி இரண்டு தோல்களுக்கு நடுவே ப்ளைவுட் ஒட்டியிருக்கும். பெரும்பாலும் 18 மி.மீ. பலகை இரண்டு. ஒரு பலகையின் தடிமன் இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். நடுவிலுள்ள மரம் இரண்டு தோல்களையும் விலகாமல், வழுக்காமல் பிடித்துக்கொள்வதால்தான் அந்தத் தடிமன் பயன்படுகிறது. மரம் கூழானால் மிஞ்சுவது ஒன்றோடொன்று சேராத இரண்டு மெல்லிய தகடுகள்.

அதன்மேல் இன்ஜின் வேறு. ப்ரொபெல்லர் தள்ளுவது கீழே, போல்ட் பிடித்திருப்பது மேலே. வேகம் கூட்டியதும் இன்ஜினைச் சுவரில் மாட்டியிருக்கும் பிராக்கெட்டின் அடிப்பகுதி சுவரை முன்னால் அழுத்தும், மேல் போல்ட்டுகள் பின்னால் பிடுங்கும். கரையில் நிற்கும்போதே இன்ஜினின் கீழ்ப்பகுதியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சுவரும் கூடவே அசைந்தால் சுத்தியலே வேண்டாம்.

மரத்தைத் தின்பது பூஞ்சை. மரத்தின் ஈரம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதற்கு வேலை இல்லை. உப்புத் தண்ணீரும் அதற்கு அவ்வளவாக ஒத்துவராது. அதனால் கடலைவிட மழைத்தண்ணீரைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். எப்போதோ எதையோ மாட்டப் போட்ட நாலு ஸ்க்ரூ ஓட்டை போதும். 'மெரைன் ப்ளைவுட்தானே' என்பார்கள். அதில் தண்ணீருக்கு அசராதது பசை, மரம் மரம்தான்.

தளத்திலும் இதே கதை. அதற்கடியில் மிதப்புக்காக வைத்த ஃபோம் பல வருடம் ஈரத்தில் கிடந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கும். உறிஞ்சிய ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ சுமை.

சரி, பிரித்துக் கட்டுவது எப்படி? தளத்தை அறுக்கும் முன் படகின் அடிப்பகுதிக்குச் சீராக முட்டுக் கொடுக்க வேண்டும். தளமும் நெடுக்குச் சட்டங்களும் சேர்ந்துதான் படகின் வடிவத்தைப் பிடித்திருக்கின்றன. எடுத்துவிட்டால் உடல் கோணிக்கொள்ளும். அந்தக் கோணலோடு புதுத் தளத்தை ஒட்டினால் கோணல் நிரந்தரமாகிவிடும். அப்புறம் உள்தோலை வெட்டி, உளுத்ததைச் சுரண்டி, காயவிட்டு, பழைய ஃபைபரைக் கிரைண்டரால் சொரசொரப்பாக்க வேண்டும். முகமூடி இல்லாமல் அந்தத் தூசியில் நிற்கக் கூடாது.

புது ப்ளைவுட்டையும் கண்ணாடியிழைத் துணியையும் ஒட்ட எந்த ரெசின், அதாவது இறுகும் பிசின்? பாலியஸ்டர் மலிவு. ஆனால் முன்பே இறுகிய பழைய ஃபைபர் மீதும் மரத்தின் மீதும் எபாக்சி நன்றாகக் கவ்வும். பாலியஸ்டரில் அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். எபாக்சியில் அதே வேலைக்குச் சேர்க்கும் ஹார்டனரின் அளவு தவறினால் சரியாக இறுகாது. மூலைகளில் துணியை நேராக மடித்து ஒட்டவும் கூடாது. ரெசினில் அதைக் கெட்டியாக்கும் பொடி கலந்து, விரலால் வழித்த மாதிரி வளைவாகப் பூசிவிட்டு அதன் மேல் ஒட்டினால் விசை ஒரே கோட்டில் குவியாது.

கடைசியில் இன்ஜின் போல்ட். ஓட்டையைப் பெரிதாகப் போட்டு, பொடி கலந்த எபாக்சியால் அடைத்து, இறுகியதும் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளையிடுவார்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி எபாக்சிக் குழாய். தண்ணீர் புகாமல் பூசிய சீலன்ட் என்றாவது விட்டாலும், இறங்கும் தண்ணீர் மரத்தைத் தொடாமலே போய்விடும்.