ஒத்திகை இல்லாமல் ஒரே இடத்தில்

கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து வெளியே போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். மிருதங்கக்காரரும் கடக்காரரும் பல நேரங்களில் அன்று மாலை மேடையில்தான் சந்தித்திருப்பார்கள். ஒத்திகை கிடையாது, எழுதிவைத்த தாளும் கிடையாது. ஆனாலும் கால் மணி நேரம் கழித்து இருவரின் கடைசி அடியும் ஒரே இடத்தில் விழுகிறது. பாடகர் அங்கிருந்தே பாட்டை எடுக்கிறார். போகிறவர்கள் அந்தக் கணத்தைத் தவறவிடுகிறார்கள்.

இருவருக்கும் பொதுவாக இருப்பது தாளமும் சில எளிய உடன்பாடுகளும்தான். தாளத்தின் ஒவ்வோர் எண்ணிக்கையும் ஓர் அட்சரம்; ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம். சதுஸ்ர நடையில் அட்சரத்துக்கு 4 மாத்திரை, ஆக ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்று, 32 மாத்திரை. உடன்பாடுகளில் மிக அழகானது குறைப்பு. முதலில் ஆளுக்கு இரண்டு ஆவர்த்தனம் வாசிக்கிறார்கள். பிறகு ஒன்று, அரை, கால். 64 மாத்திரை 32 ஆகி, 16 ஆகி, 8 ஆகிறது. அட்சரத்துக்கு ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால், 16 வினாடியில் விரிவாகச் சொன்ன பதிலை இப்போது 2 வினாடிக்குள் சொல்லியாக வேண்டும். எவ்வளவு நேரம் என்பதை மட்டுமே விதி சொல்கிறது. என்ன வாசிப்பது என்று அது சொல்வதில்லை. கற்பனை சுறுசுறுப்பாவது அதனால்தான் என்று நினைக்கிறேன். எப்போது, எவ்வளவு என்ற கவலை தீர்ந்துவிட்டதால், முழுக் கவனமும் எதிராளி விட்ட இடத்திலிருந்து எதைப் பிடிப்பது என்பதில் போய் நிற்கிறது.

ஒருவர் அடுத்து என்ன செய்வார் என்று மற்றவர் ஊகிப்பதற்குக் கணக்கு கைகொடுக்கிறது. 'ததிகிணதொம்' என்ற சொல்லுக்கு 5 மாத்திரை. இடைவெளி இல்லாமல் மூன்று முறை சொன்னால் 15. ஐந்தாம் அட்சரத்தில் தட்டு விழுந்து, ஒரு மாத்திரை தள்ளி மிருதங்கம் இதைத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதுவரை 17 மாத்திரை கடந்துவிட்டது; மீதி சரியாக 15. முதல் 'ததிகிணதொம்' காதில் விழுந்தவுடனே கடக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது: மூன்று முறை, அப்புறம் சமம், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டு.

கை அசைவிலும் இதே முன்னறிவுதான் வேலை செய்கிறது. ஓர் ஒலியைக் கேட்டபிறகு கையை அசைக்க நமக்கு 150 மில்லிவினாடி அளவாவது தேவை. கேட்டு அடித்தால் கேட்பவர்களுக்கே பிசிறு தெரியும். தாளக் கருவியின் சீரான தட்டோடு சேர்ந்து விரலால் தட்டச் சொன்னால், பெரும்பாலோர் ஒலிக்குச் சற்று முன்பாகவே தட்டிவிடுகிறார்கள். மூளை ஒலிக்காகக் காத்திருப்பதில்லை, அது வரப்போகும் நேரத்தைக் கணிக்கிறது. கணிப்பு சிறிது பிசகினால் அடுத்த தட்டில் திருத்திக்கொள்கிறது. இரண்டு வாத்தியக்காரர்கள் சேரும்போது இருவருமே மற்றவரைப் பார்த்துத் திருத்திக்கொண்டே போகிறார்கள்.

இப்படி மாறி மாறி வாசிப்பது ஜாஸ் இசையிலும் உண்டு. அங்கே பெரும்பாலும் ஆளுக்கு நான்கு தாளக்கட்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லிம்ப் குழுவினர், ஸ்கேன் கருவிக்குள் படுத்திருந்த இசைக்கலைஞரை வெளியே இருந்தவரோடு அவ்வாறு வாசிக்கவைத்து, முடிவுகளை 2014இல் வெளியிட்டனர். வாக்கிய அமைப்பைக் கையாளும் மூளைப் பகுதிகள் விழித்துக்கொண்டன; சொல்லின் பொருளைக் கையாளும் பகுதிகள் அடங்கின. வாயால் சொல்லும் தாளச் சொற்களான நம் சொற்கட்டுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். 'தகதிமி'க்கு அகராதியில் பொருள் கிடையாது. ஆனால் எது எதற்குப் பின் வரலாம், எங்கே கார்வை (இடைவெளி) விடலாம் என்ற இலக்கணம் அதற்கு உண்டு. அந்த இலக்கணத்தை மாணவர்கள் வாத்தியத்தைத் தொடுவதற்கு முன்பே வாயால் சொல்லிப் பழகுகிறார்கள்.

குறைப்பு முடிந்ததும் முடிவை நோக்கி இட்டுச்செல்லும் மோராவை மிருதங்கம் தொடங்குகிறது. அதுவே அழைப்பு, கடமும் சேர்ந்துகொள்கிறது. பிறகு முடிவாக வரும் கணக்கிட்ட அமைப்பான கோர்வை, மூன்று முறை. பாட்டின் எடுப்பு (அது தொடங்கும் இடம்) சமத்திலிருந்து ஒன்றரை அட்சரம் தள்ளி இருந்தால், அந்த 6 மாத்திரையையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். முன்பு கேட்டிராத கோர்வையாக இருந்தால், கடக்காரர் முதல் முறை காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். இரண்டாம் முறை தெரிந்த இடங்களை மட்டும் தொட்டுக்கொண்டு போவார். மூன்றாம் முறை, மிருதங்கத்தின் ஒவ்வொரு அடியிலும் பானையின் ஒலியும் சேர்ந்து விழும்.