கிளட்ச் யார் காலில் இருக்கிறது?

டிரைவிங் ஸ்கூல் காரில் இடது பக்க சீட்டுக்கு முன்னாலும் இரண்டு பெடல் இருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒன்று கிளட்ச், இன்னொன்று பிரேக். கற்றுக்கொடுக்கும் வண்டியில் இந்த இரட்டைக் கட்டுப்பாடு இருந்தாக வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. உயிர் காக்கிற ஏற்பாடு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் திருச்சியில் பல வருடமாக அந்த இடது பக்க சீட்டில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவன் என்கிற உரிமையில் ஒன்று சொல்கிறேன்: வகுப்பில் நன்றாக ஓட்டியவர்கள் லைசென்ஸ் வாங்கி சொந்தக் காரில் ஏறியதும் தெருமுனையைத் தாண்ட முடியாமல் திணறுகிறார்களே, அதற்குப் பெரிய காரணமும் அந்த இரண்டு பெடல்கள்தான்.

எப்படி என்றால், மாஸ்டர் பக்கத்து கிளட்ச்சை மிதித்தால் உங்கள் பக்கத்து பெடலும் சேர்ந்து இறங்கும். உங்கள் கால் அதன்மேல் சும்மா படிந்திருந்தால் யார் மிதித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. சிக்னலில் பச்சை விழுகிறது, நீங்கள் பதற்றத்தில் கிளட்ச்சைப் படக்கென்று விடுகிறீர்கள், வண்டி ஆஃப் ஆகியிருக்க வேண்டும், ஆகவில்லை, அழகாக நகர்கிறது. உங்களுக்கு ஒரே சந்தோஷம். நகர்த்தியது மாஸ்டரின் இடது கால். ஸ்பீடு பிரேக்கரில் வேகம் குறைந்ததும் அவர் காலால்தான், முன்னால் ஆட்டோ திடீரென்று ஒடித்தபோது வண்டி நின்றதும் அவர் காலால்தான். நீங்கள் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்திருந்தீர்கள்.

எல்லா மாஸ்டரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். பின்னால் பஸ்காரர் ஹாரனை எடுக்காமல் அடிப்பார், அடுத்த ஸ்டூடன்ட் பாலக்கரையில் காத்துக்கொண்டிருப்பார், கிளட்ச் பிளேட் தேய்ந்தால் முதலாளி எங்களைத்தான் கேட்பார். இத்தனைக்கும் நடுவில் பத்து முறை ஆஃப் செய்து கற்றுக்கொள்ளட்டும் என்று விடுகிற பொறுமை எல்லோருக்கும் எல்லா நாளும் வருவதில்லை. கால் தானாகப் போய்விடும். ஆனால் நீங்கள் காசு கொடுத்திருப்பது அந்தப் பத்து முறை ஆஃப் ஆவதற்கும் சேர்த்துத்தான்.

அதனால் வகுப்பில் சேர்ந்து நாலைந்து நாள் ஆனதும், ஆள் இல்லாத மைதானத்திலோ கே.கே. நகர் மாதிரி அகலமான அமைதியான தெருவிலோ, கூச்சப்படாமல் கேளுங்கள்: "மாஸ்டர், இரண்டு காலையும் கொஞ்சம் பின்னால் இழுத்து வைங்க, நானே எடுக்கிறேன்." நல்ல மாஸ்டர் என்றால் சிரித்துக்கொண்டே இழுத்துவிடுவார். இரண்டாவது வாரத்திலிருந்து அவர் கால் பிரேக்குக்குப் பக்கத்தில் காவலுக்கு மட்டும் இருந்தால் போதும், கிளட்ச் முழுக்க உங்களுடையது. மேடு பள்ளம் இல்லாத இடத்தில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்ச்சை மட்டும் மெதுவாக விட்டு வண்டியை நகர்த்திப் பழகுங்கள். பெரும்பாலான கார்கள் அப்படியே ஊர்ந்து போகும். வண்டி லேசாக அதிர்ந்து எஞ்சின் சத்தம் கொஞ்சம் இறங்கும் அந்த இடம் இருக்கிறதே, அதைத்தான் ஹாஃப் கிளட்ச் என்கிறோம். அது பாதத்துக்குப் பழகிவிட்டால் பாதி டிரைவிங் முடிந்தது. அப்புறம் அரிஸ்டோ மேம்பாலம் மாதிரி ஏற்றத்தில், அதிகாலையில் வண்டி குறைவாக இருக்கும்போது, ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி, ஹாஃப் கிளட்ச்சுக்குக் கொண்டுவந்து, முன்பக்கம் லேசாக நிமிர்வது தெரிந்ததும் ஹேண்ட் பிரேக்கை விட்டு எடுங்கள். பின்னால் ஒரு அங்குலம்கூட உருளாமல் எடுக்க வந்துவிட்டால் மாஸ்டரின் கால் இனி உங்களுக்கு வேண்டாம்.

நேரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். இலகுரக வாகனத்துக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சி, அதில் குறைந்தது 10 மணி நேரம் நீங்களே வண்டி ஓட்டியிருக்க வேண்டும் என்பது விதி. 21 நாளும் தினம் அரை மணி நேரம் ஸ்டியரிங் உங்கள் கையில் இருந்தால்தான் பத்தரை மணி நேரம் வரும். இப்போது நடைமுறையைப் பாருங்கள். ஒரே காரில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றினால் ஆளுக்கு இருபது நிமிடம், 21 நாளுக்கு ஏழு மணி நேரம், அதுவும் ஞாயிறு லீவு, மழை லீவு, மாஸ்டர் வீட்டு விசேஷம் எதுவும் இல்லாவிட்டால். பின் சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுவதைப் பார்ப்பதும் ஒரு பாடம்தான், அதை மறுக்கவில்லை, ஆனால் அதை உங்கள் மணி நேரத்தில் சேர்க்க முடியாது. ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள் என்று எழுதி வைக்க படிவம் 15 என்று ஒரு பதிவேடு எல்லா டிரைவிங் ஸ்கூலிலும் உண்டு. உங்கள் பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதியில் இலகுரக வாகனப் பயிற்சியே 29 மணி நேரம், அதில் 21 மணி நேரம் செய்முறை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே நாம் எவ்வளவு குறைவாகப் பழகிவிட்டு ரோட்டுக்கு வருகிறோம் என்று புரியும்.

சரி, டெஸ்ட்டுக்கு வருவோம். எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் கழிந்தபின் டெஸ்ட்டுக்குப் போகலாம், எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். நம் ஊரில் டெஸ்ட் என்றாலே எட்டு போடுவது, கொஞ்சம் ரிவர்ஸ் எடுப்பது, அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது. அதனால் சில இடங்களில் அந்த மைதானத்துக்கென்றே ஒரு சூத்திரம் சொல்லிக்கொடுப்பார்கள்: "அந்தக் கம்பம் பின்பக்க ஜன்னலில் தெரிந்ததும் ஒரு சுற்று ஒடிங்க, வேப்ப மரம் வந்ததும் நேராக்குங்க." மனப்பாடம் செய்து பாஸ் ஆகிவிடலாம். அந்தக் கம்பமும் வேப்ப மரமும் உங்கள் அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் இருக்காது. ரிவர்ஸ் எடுக்கும்போது பின் சக்கரம் எந்தப் பக்கம் போகிறது, அதே நேரம் முன்பக்க மூலை எந்தப் பக்கம் வீசுகிறது என்று இரண்டையும் பார்க்கக் கற்றிருந்தால் எந்த இடத்திலும் எடுக்கலாம். பின்னால் மட்டுமே பார்த்துக்கொண்டு முன் பம்பரைத் தூணில் உரசியவர்கள்தான் என்னிடம் திரும்ப வருகிறார்கள்.

டெஸ்ட்டில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் விதி 15இல் ஒரு நீண்ட பட்டியலே இருக்கிறது. கண்ணாடியைச் சரிசெய்வது, பாதுகாப்பாக வண்டி எடுப்பது, ஓவர்டேக் செய்வது, ஓவர்டேக் செய்ய விடுவது, பாதசாரிகள் கடக்கும் இடத்தில் சரியாக நடந்துகொள்வது, இவற்றோடு அவசரத்தில் வண்டியை நிறுத்துவதும் அதில் உண்டு. இந்தக் கடைசியை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்? ஒருவர் வாழ்க்கையில் முதல் தடவையாக முழு பலத்தோடு பிரேக் மிதிப்பது, எதிரே ஒரு குழந்தையோ மாடோ வந்து நிற்கும்போதுதான். அந்த நேரத்தில் அது புதுசாக இருக்கக் கூடாது.

ஆள் நடமாட்டமே இல்லாத நேரான ரோடு, பின்னால் எந்த வண்டியும் இல்லை என்று கண்ணாடியில் பார்த்தாயிற்று, பக்கத்தில் மாஸ்டர் இருக்கிறார். முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போய் பிரேக்கையும் கிளட்ச்சையும் ஒருசேர ஓங்கி மிதியுங்கள். ஏ.பி.எஸ்., அதாவது ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு, உள்ள வண்டியில் பெடல் கடகடவென்று அதிர்ந்து காலைத் திருப்பி உதைக்கிற மாதிரி இருக்கும். நிறைய பேர் அதற்குப் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள், அது தப்பு. அந்த அதிர்வுதான் ஏ.பி.எஸ். வேலை செய்வதற்கு அடையாளம், நிற்கும்வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதும் ஸ்டியரிங்கால் வண்டியைத் திருப்ப முடியும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்கிற புதுக் கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம் என்பதால் உங்கள் வண்டியில் அநேகமாக இருக்கும். "விட்டு விட்டு மிதிங்க" என்று பெரியவர்கள் சொல்வது ஏ.பி.எஸ். இல்லாத பழைய வண்டிகளுக்கு உண்டான பாடம்.

80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறீர்கள். கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்கு வருவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் போயிருக்கும், அதற்கு அப்புறம்தான் பிரேக் பிடிக்கவே ஆரம்பிக்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். முன்னால் போகிற லாரியின் பின்னால் எழுதியிருப்பதைப் படிக்கிற தூரத்தில் போகாதீர்கள் என்று நான் வகுப்பில் சொல்வது இதனால்தான்.

இரவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வகுப்பெல்லாம் காலை ஆறரைக்கும், ஆபீஸ் முடிந்து இருட்டுவதற்கு முன்னாலும் நடக்கிறது. அதனால் லைசென்ஸ் வாங்கியவர் முதன்முதலில் இருட்டில் ஓட்டுவது பெரும்பாலும் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, குடும்பமே உள்ளே இருக்க, சென்னை திருச்சி நெடுஞ்சாலையில். எதிரே வருகிறவன் ஹை பீமில் வருவான். அந்த வெளிச்சத்தைப் பார்க்காமல் ரோட்டின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டும் என்பதும், நாம் டிப் செய்துவிட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதும் அங்கே தனியாகக் கண்டுபிடிக்கிற விஷயமா? சிவப்பு விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர், ரோட்டை ஒட்டியே நிறுத்திய லாரி, மீடியன் இடைவெளியில் எதிர்த்திசையில் வருகிற பைக், இவையெல்லாம் உங்கள் விளக்கு எட்டுகிற தூரத்துக்குள்தான் தெரியும், அதனால் அந்தத் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு வகுப்பையாவது மாலை ஏழு மணிக்கு மேல் கேட்டு வாங்குங்கள். இன்னொரு வகுப்பில் ஜி கார்னர் பக்கம் போய் சர்வீஸ் ரோட்டிலிருந்து நெடுஞ்சாலையில் சேர்வது எப்படி என்று பழகுங்கள். மழை வந்தால் வகுப்பை ரத்து செய்யாமல் மெதுவாக ஒரு சுற்று போய்விட்டு வரச் சொல்லுங்கள். கொஞ்சம் கூடுதலாகக் காசு கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் கற்றுக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டும்போது லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு எல் போர்டு இருக்க வேண்டும். வீட்டுக் காரில் பக்கத்து சீட்டுக்கு பிரேக் கிடையாது, கைக்கு எட்டுவது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான், சில புதுக் கார்களில் அதுவும் வெறும் பட்டன். கற்றுக்கொடுக்க உட்கார்கிறவர் அதை எப்படி இழுப்பது என்று முதலில் காலி மைதானத்தில் பழகிக்கொள்ளட்டும். என்னிடம் வருகிற பெண்கள் பலர் வீட்டுக்காரரிடம் இரண்டு வாரம் கற்றுவிட்டுப் பிறகு வருகிறவர்கள். "லெஃப்ட்டுன்னா எந்தப் பக்கம்னு தெரியாதா?" என்று கத்தினால் யாருக்கும் லெஃப்ட் தெரியாது. கத்துவதாவது பரவாயில்லை, பயத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுப்பார்கள் சிலர், அதுதான் ஆபத்து. கற்றுக்கொள்வதை எங்களைப் போன்றவர்களிடம் வைத்துக்கொண்டு, லைசென்ஸ் வாங்கியபின் கூட உட்கார்ந்து வருவதை வீட்டுக்காரருக்குக் கொடுங்கள், அவர் வாயைத் திறக்காமல் இருப்பார் என்றால்.

வீட்டில் ஆட்டோமேட்டிக் கார் வைத்துக்கொண்டு எங்கள் கியர் வண்டியில் கற்பவர்கள் இப்போது அதிகம். இவர்களுக்கு இடது கால்தான் பிரச்சினை. நிறுத்த வேண்டும் என்றதும் பழக்கத்தில் இடது கால் கிளட்ச்சைத் தேடி அகலமான பிரேக் பெடலில் ஓங்கி விழும், நடுரோட்டில் வண்டி குத்தி நிற்கும், பின்னால் வருகிறவர் இடித்துவிடுவார். இடது காலை நன்றாகப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு வலது கால் ஒன்றாலேயே இரண்டு பெடலையும் ஓட்டுங்கள், சொந்த வண்டியில் மாஸ்டரோடு இரண்டு மூன்று வகுப்பாவது போங்கள்.

பதினாறு வயதுப் பையனைக் கூட்டிவந்து "சும்மா கத்துக்கட்டும் மாஸ்டர்" என்கிற அப்பாக்களுக்கு நான் சொல்கிற பதில் ஒன்றுதான்: முடியாது. கார் ஓட்ட 18 வயது ஆக வேண்டும், 16 வயதில் 50 சி.சி.க்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டி மட்டும்தான். 2019 திருத்தச் சட்டத்தின்படி சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

லைசென்ஸ் கைக்கு வந்தபின் காரை மூடி போட்டு நிறுத்திவிடாதீர்கள், இரண்டு மாதம் தொடாவிட்டால் கற்றதெல்லாம் போய்விடும். ஆபீஸ் போகிற வழியையே முதலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டிப் பாருங்கள், பிறகு வார நாளில் கொஞ்சம் சீக்கிரமாகக் கிளம்பி. வழுக்குகிற செருப்பு, ஹை ஹீல்ஸ் வேண்டாம். பின்புறக் கண்ணாடியில் தொங்கவிடுகிற பொம்மையும் வேண்டாம். தண்ணீர் பாட்டிலை டிரைவர் காலடியில் போடாதீர்கள், பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டு மாட்டிக்கொண்டால் பெடல் இறங்காது. கதவில் அதற்கென்றே இடம் இருக்கிறது, அங்கே வையுங்கள்.